சேதம் பார்க்க வந்த பெரியவர்

அரசாங்கத்திடம் நிவாரணம் கேட்டு நான் எழுதிய மனு பதினொரு பக்கம். அதில் காற்று ஏழாம் பக்கத்தில்தான் வீசத் தொடங்குகிறது. முதல் ஆறு பக்கங்களிலும், சாப்பாட்டுக் கடை என்ற ஒன்று மனித நாகரிகத்துக்கு ஏன் அவசியம் என்பதை, உரோமாபுரியில் தொடங்கி நெல்லியடிச் சந்தி வரைக்கும் நடத்திக் கூட்டிவந்து நிறுவியிருந்தேன். எழுதி முடித்து ஒருமுறை வாசித்தபோது என் கண்கள் கலங்கின. கடை போனதை நினைத்துக் கலங்கின என்று அந்த நாளில் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், என் உரைநடையை நினைத்துத்தான் கலங்கின.

கடை போனதும் உண்மைதான். சந்திக்குச் சற்றுத் தள்ளி, கரவெட்டிக்குப் போகும் றோட்டில், தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. மூன்று மேசை, இருக்க ஆறு வாங்கு, வடை வைக்க ஒரு கண்ணாடி அலுமாரி, பின்னால் சமைக்கக் குசினி. கார்த்திகை மாதத்துக் காற்று ஒன்று கூரையை அப்படியே தூக்கிப் பக்கத்துப் புகையிலைத் தோட்டத்தில் வைத்தது. அது போதாதென்று குசினியின் மேல் ஒரு பெரிய புளியங்கொப்பை முறித்துப் போட்டது. மண் அடுப்பு மழையில் கரைந்து முற்றத்துச் சேற்றோடு சேர்ந்துகொண்டது. அலுமாரியில் ஒரு கீறல்கூட விழவில்லை. உள்ளே முதல்நாள் வடை இரண்டு, நடந்ததொன்றும் தெரியாமல் இருந்தன.

காணி என்னுடையதல்ல. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பிய ஒருவருடையது. காற்றடித்த மூன்றாம் நாள் அவர் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்று, கடை இருந்த இடத்தை நிதானமாகப் பார்த்தார்.

"தைப்பொங்கலுக்கு முதல் உதிலை அடுப்பு எரியவேணும். எரியாட்டில் இடத்தைப் புடைவைக் கடைக்காரருக்குக் குடுக்கப்போறன். பிறகு என்னிலை கோவிக்கக் கூடாது."

எனக்கு வேறு பிழைப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய், பாடப் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாப் புத்தகங்களையும் படிப்பித்ததால் நிறுத்தப்பட்டவன் நான். அதன் பிறகு அரசாங்கக் கந்தோர்களும் என்னை எழுத்து வேலைக்கு எடுக்கவில்லை. சமைக்கத் தெரிந்த ஒரு மைத்துனன் வாய்த்ததால்தான் கடைக்காரன் ஆனேன். என் மனைவியின் தம்பி அவன். அவன் சமைப்பான், நான் வருகிறவர்களோடு கதைப்பேன். தொழிலை அப்படிச் சமமாகப் பங்கிட்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான், காற்றில் கடை இழந்த சிறு வியாபாரிகளுக்குக் கூரைத் தகரமும் மரமும் அரசாங்கம் கொடுக்கப்போகிறது, மாவட்டத்தை ஆளும் கந்தோரான கச்சேரிக்கு மனுப் போடலாம் என்று, ஊரில் அரசாங்கத்தின் ஆளான விதானையார் சந்தையில் அறிவித்தார். தகரம் என்ற சொல்லைக் கேட்டதும் என் தலை சுற்றியது. நெல்லியடியில் தகரக் கூரை போட்ட முதல் சாப்பாட்டுக் கடை! மழை பெய்தால் அதன்மேல் எப்படிச் சத்தம் கேட்கும் என்பதுவரை யோசித்துவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

யாழ்ப்பாணக் கச்சேரி மதிலோரம் மரத்தடியில், பெட்டியும் மைக்கூடுமாக மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் இருப்பார்கள். எழுதத் தெரிந்த நான் அவர்களிடம் போவதா என்று நிமிர்ந்தபடி கடந்து போனேன். வாசல் காவல்காரன் என் பதினொரு பக்கத்தைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் இரண்டு தரம் ஏற்றி இறக்கிவிட்டு, மரத்தடியைக் காட்டினான்.

அங்கிருந்த மெலிந்த மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதிலை கடை எப்ப விழுகுது, தம்பி?"

"ஒன்பதாம் பக்கத்திலை."

"அதுக்கு முதல் வாசிக்கிறவர் விழுந்திடுவார்."

சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்து ஏழே வரியில் எழுதினார். கடை இருந்தது, காற்று வந்தது, கூரையும் குசினியும் போயின, உதவி வேண்டும். அவ்வளவுதான். அதில் உரோமாபுரி இல்லை. ஆனால் தாளை என்னிடம் நீட்டும்போது அவர் ஒரு புத்தி சொன்னார்:

"கச்சேரியிலை இருந்து ஆள் வந்து பாக்குமட்டும் ஒண்டிலையும் கை வைச்சிடாதையுங்கோ. விழுந்தது விழுந்தபடி கிடக்கவேணும். அதுதான் உங்கடை மனு. நான் எழுதினது வெறும் உறை."

இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மூன்று கிழமை அந்த இடிபாட்டை, அது கடையாக இருந்தபோதுகூடப் பாதுகாக்காத அளவுக்குப் பாதுகாத்தேன். ஆடு ஒன்று ஓலையைக் கடிக்க வந்தால் கல்லெடுத்தேன். ஒருநாள் மைத்துனன் கத்தியோடு வந்தான்.

"அத்தான், அந்தக் கொப்பிலை ரெண்டு கிளை தறிக்கட்டோ? வீட்டிலை விறகில்லை."

"அது விறகில்லையடா. அது சாட்சி."

"சாட்சியெண்டால் நல்லாய்க் காய்ஞ்சு போச்சு," என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு போனான்.

மார்கழி பிறந்து சில நாளில், ஒரு காலை, விதானையார் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து இறங்கினார்.

"நாளைக்குக் கடை பாக்க வருகினம். கிளாக்கர் இல்லை. பெரியவரே வாறார். காரிலை!"

கிளாக்கர் வருகிறார் என்றால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். பெரியவர் என்ற சொல்தான் ஊரைக் கவிழ்த்தது. கால் மணித்தியாலத்துக்குள் சந்தி முழுவதும் என் இடிபாட்டைச் சுற்றி நின்றது. கச்சேரியின் பெரியவர் ஒருவர் நம்முடைய ஊருக்கு வந்து, இருக்க ஒரு வாங்குகூட இல்லாமல், தலையில் ஓலை விழ நின்றுவிட்டுப் போவதா?

"பருத்தித்துறையிலை உள்ளவை கேட்டால் என்ன சொல்லுவினம்?" என்றார் விதானையார்.

சந்திக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர், பத்து வருடமாக என்னோடு போட்டி போட்டவர், முதலில் எழும்பினார். "என்ரை வீட்டிலை வேலி அடைக்க நாப்பது கிடுகு கிடக்கு. எடுங்கோ," என்றார். அதோடு போட்டி தொடங்கிற்று. ஆளுக்கு ஆள், வேலிக்கென்று பின்னிவைத்த கிடுகுகளைத் தலையிலும் வண்டிலிலும் கொண்டுவந்து குவித்தார்கள். ஒருவர் கூரைக்குச் சிலாகை, இன்னொருவர் கயிறு. நாலு பேர் கூரையில் ஏறினார்கள். இரண்டு பெண்கள் மண் குழைத்து அடுப்புப் போட்டுச் சாணத்தால் மெழுகினார்கள். மைத்துனன் கத்தியோடு புளியங்கொப்பின்மேல் பாய்ந்தான். இந்த முறை நான் தடுக்கவில்லை. கோடரி எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. கிடுகு ஏற ஏற என் நெஞ்சும் ஏறியது. "உந்தப் பக்கம் இன்னும் ரெண்டு வரிசை போடு! மழை அடிச்சால் ஒழுகும்!" என்று கீழே நின்று கத்திக்கொண்டிருந்தேன். வாசலில் வாழை கட்டச் சொன்னது நான். தோரணம் சொன்னதும் நான். அளவெட்டியில் இருந்து மேளம் பிடிப்போமா என்று யாரோ கேட்டபோது, "ஏன் பிடிக்கக் கூடாது?" என்று கேட்டவனும் நானே. மேளம் வராததற்குக் காரணம் நேரம் போதாமைதான்; அறிவு என்று யாரும் தவறாக நினைக்கக்கூடாது. பொழுது படமுன் கடை எழும்பி நின்றது. முந்திய கடையைவிட ஒரு முழம் உயரம்.

மறுநாள் பத்து மணிக்குக் கார் வந்தது. வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு. ஒருவர் பன்னீர் தெளித்தார். பெரியவர் கோட்டுப் போட்ட, பருத்த, சிரித்த முகமுள்ள மனிதர். கொஞ்சம் திகைத்தவர்போல் சுற்றிப் பார்த்தார். யார் வீட்டிலோ கலியாணம், தன்னை இடையில் மறித்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். இருத்தி இலை போட்டோம். இடியப்பம், சொதி, சம்பல், உழுந்து வடை, பாயாசம். இடியப்பம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். மலாயாப் பென்ஷன்காரர் கோட்டோடும் குடையோடும் பக்கத்தில் நின்று, "என்ரை காணிதான் ஐயா," என்று மூன்று தரம் சொன்னார்.

கை கழுவி, வெற்றிலை போட்டு, பெரியவர் பியோனிடமிருந்து என் மனுவை வாங்கி விரித்தார்.

"நல்லது. இனி அந்தச் சேதத்தைக் காட்டுங்கோ."

விதானையார் என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன்.

"இந்தக் கூரைதான் ஐயா," என்றேன்.

"இது நல்ல கூரையெல்லோ?"

"நேற்று வரைக்கும் இல்லை ஐயா."

"நேற்று நான் வரேல்லையே." மறுபடி தாளைப் பார்த்தார். "மரம் முறிஞ்சு விழுந்ததெண்டு கிடக்கு. அந்த மரம் எங்கை?"

குசினி வாசலில் அகப்பையோடு நின்ற மைத்துனன், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு சொன்னான்:

"அதிலைதான் ஐயா சமைச்சது."

பெரியவர் தன் முன்னால் இருந்த வெறும் இலையைப் பார்த்தார். "அப்ப சாட்சியை நானும் சேர்ந்தெல்லோ சாப்பிட்டிட்டன்," என்றார்.

மைத்துனனுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. "பொறுங்கோ ஐயா, ரெண்டு கிடுகைக் கழட்டிக் காட்டிறன்!" என்று வாங்கில் ஏறிக் கூரை வளையைப் பிடித்தான். உடனே கூட்டத்தில் இருந்து மூன்று பேர் பாய்ந்து அவன் காலைப் பிடித்தார்கள்.

"டேய், அது என்ரை கிடுகடா! இறங்கடா கீழை!"

பெரியவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைக்கக் கோட்டுப் பையில் கைலேஞ்சியைத் தேடித் தேடிச் சிரித்தார். பியோன் மரியாதைக்காக வெளியே போய்ச் சிரித்தான். காரில் ஏறும்வரை அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. பத்து நாளில் கடிதம் வந்தது. சேதம் எதுவும் காணப்படவில்லை என்று ஒரே வரி. மரத்தடி மனிதரின் ஏழு வரியைக்கூடக் கச்சேரி வெட்டிச் சுருக்கிவிட்டது.

தகரம் போயிற்று. ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தைப்பொங்கலுக்கு முன்பாகவே எரிந்தது. காணிக்காரருக்கோ, "என்ரை காணியிலை பெரியவர் சாப்பிட்டவர்" என்று சொல்லித் திரிவது தொழிலாகிவிட்டது. புடைவைக் கடைப் பேச்சே பிறகு எழவில்லை.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அரசாங்கம் கைவிட்டவனை ஊர் தூக்கி நிறுத்தியதே, என்மேல் இவர்களுக்கு எவ்வளவு அன்பு இருக்க வேண்டும்! பொங்கல் அன்று சால்வையைப் போட்டுக்கொண்டு, முதல் நாற்பது கிடுகு தந்த தேத்தண்ணிக் கடைக்காரரிடம் நன்றி சொல்லப் போனேன். நட்பைப் பற்றி நான் பேசத் தொடங்கி இரண்டாவது வசனத்துக்கு வந்தபோது, அவர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்:

"அன்பும் இல்லை ஒண்டும் இல்லை, அண்ணை. உங்கடை கடை விழுந்த நாள் தொட்டு, காவல் காக்கிறன் எண்டு விடிய வந்து என்ரை வாங்கிலை இருந்தால் பொழுது படத்தானே எழும்பினியள். நீங்கள் கதைக்கிற கதைக்குப் பயந்து என்ரை கடைக்கு வாற ஆக்கள் ஒருத்தரும் உள்ளுக்கை வரேல்லை. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால், நானெல்லோ கச்சேரிக்கு மனுப் போட்டிருப்பன்."