நாங்கள் எடுக்கச் சொன்னது படியில் கிடந்த மண்

பஞ்சாயத்துத் தலைவரே, எங்கள் கையெழுத்தை வைத்து நீங்கள் ஆற்றைத் தோண்டினீர்கள். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பீடி சுற்றுகிறவள். காலையிலிருந்து மடியில் இலையும் புகையிலைத் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இலை சுருட்டுவேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான். நாலு மணிக்குக் கழுத்தும் இடுப்பும் கல்லாகிவிடும். அப்புறம் ஆற்றுக்குப் போவோம். சேரன்மகாதேவியைத் தாண்டி ஆறு வளைகிற இடத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் துறை. அதை ஒட்டி ஒரு மணல் திட்டு. ஆண்கள் துறை மருத மரங்களுக்கு அந்தப் பக்கம். ஒருத்தனும் இங்கே எட்டிப் பார்க்க மாட்டான்.

அந்தத் திட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கிளித்தட்டு விளையாடுவோம். சிரிக்க வேண்டாம். பேரன் எடுத்தவளும் உண்டு. குதிகாலால் மணலில் கோடு கிழித்து, கோட்டுக்கு ஒருத்தி கையை விரித்து மறிப்பாள். மற்றவர்கள் அவள் கை படாமல் ஒவ்வொரு கோடாகத் தாண்ட வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவோம், விழுவோம், கத்துவோம். ஊருக்குள் எந்தத் தெருவில் நாங்கள் இப்படி ஓட முடியும்? ஆண்களுக்குக் கிரிக்கெட் ஆடத் தரிசு இருக்கிறது, டீக்கடை பெஞ்சு இருக்கிறது. எங்களுக்கு இருந்தது அந்தத் திட்டு ஒன்றுதான்.

பெருவெள்ளம் வந்து வடிந்தபின் பார்த்தால், துறையின் படிகள் அத்தனையும் மண்ணுக்குள். மேட்டில் ஏறிச் சறுக்கித்தான் தண்ணீருக்குப் போக வேண்டியிருந்தது. என் மதினி அப்படிச் சறுக்கிக் கையை ஒடித்துக்கொண்டாள். பீடி சுற்றுகிறவளுக்குக் கை போனால் என்ன மிச்சம்? நான்தான் மனு எழுதினேன். "துறையில் சேர்ந்துள்ள மண்ணை அகற்றித் தர வேண்டும்" என்று நோட்டுத்தாளில் எழுதி, வீடு வீடாகப் போனேன்.

"எதுக்குட்டி கையெழுத்து?"

"படியத் தோண்டிக் குடுக்கச் சொல்லுதோம் சித்தி. பைய போடுங்க, தாள் கிழிஞ்சிராம."

அதில் ஒரு தப்புச் செய்தேன். எந்த மண், எதிலிருந்து எதுவரை என்று எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த படிதானே என்று விட்டுவிட்டேன். தாளை உங்கள் கையில்தான் கொடுத்தேன், தலைவரே. "ஒரு வாரத்துல செஞ்சிருவோம்க்கா" என்றீர்கள்.

ஒரு மாதம் கழித்துப் பொக்லைன் வந்தது. முதல் நாளே படி தெரிந்தது. நாங்கள் குலவை போட்டோம். நினைத்தால் இப்போது நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. இரண்டாம் நாள் அது படியைத் தாண்டித் திட்டில் இறங்கியது. கேட்டதற்கு, "சமப்படுத்துதோம்க்கா" என்றார்கள். நம்பினோம். நாலாம் நாள் டிப்பர் லாரிகள் வந்தன. நாங்கள் சுளகைவிட்டு எழும்போது அவை மணலை அள்ளிக்கொண்டு போயிருக்கும். தண்ணீர் கலங்கிக் கிடந்ததால் எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று தெரியவில்லை.

மதினிக்கு நீச்சல் தெரியாது. ஆனால் ஆற்றின் தரை அவள் காலுக்குத் தெரியும். படியிலிருந்து பத்து எட்டு வைத்தால் முழங்கால், இருபது எட்டு வைத்தால் இடுப்பு. அங்கே நின்று முங்குவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். லாரிகள் வரத் தொடங்கிய அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம்தான், கைக்கட்டுப் பிரித்தபின் அவளுக்கு முதல் குளியல். பத்து எட்டைத் தாண்டியவளை அப்புறம் காணோம். சத்தமே இல்லை. சோப்பு டப்பா மட்டும் மிதந்து போனது. பாய்ந்து துழாவினேன். கையில் முடி சிக்கியது. இழுத்தேன். கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கியபின் அவள் சொன்ன முதல் வார்த்தை, "தரையில்லட்டி. இங்கன தரையே இல்ல."

மறுநாள் காலையில் யாரும் பீடி சுற்ற உட்காரவில்லை. துறைப் பாதைக்குப் போனோம். எப்படி மறிப்பது என்று தெரியாமல் கும்பலாக நின்றபோது ஒருத்தி சொன்னாள், "கோட்டுக்கு மூணு பேரா நில்லுங்கட்டி." கிளித்தட்டில் நிற்பதுபோல் வரிசைக்குப் பின் வரிசையாக நின்றோம். டிப்பர் வந்தது. ஓட்டுகிறவன் தலையை நீட்டினான்.

"என்னக்கா, கிளித்தட்டு வெளையாடுதீங்களா? வழிய விடுங்க."

"ஆமாலே. எறங்கி வந்து தாண்டு பாப்போம்" என்றாள் மதினி.

வண்டியை உறுமவிட்டு ஒரு முழம் முன்னால் நகர்த்தினான். இன்ஜின் சூடு என் வயிற்றில் அடித்தது. யாரும் அசையவில்லை. அவன்தான் வண்டியை அணைத்தான். இறங்கி வந்து தாளை நீட்டினான். "மண்ணெடுக்கப் பெர்மிட்டு இருக்கு. நீங்க கேட்டுத்தான எடுக்கோம்? பாருங்க, கையெழுத்து."

பெர்மிட் நகலுக்குப் பின்னால் என் மனுவின் நகல். என் கோணல் எழுத்து. கீழே எங்கள் அத்தனை பேர் பெயரும்.

பின் வரிசையிலிருந்து குரல் வந்தது. "நீதான வீடு வீடா வந்து வாங்குன? எவன் சொல்லி வாங்குன?"

நான் தாளை வாங்கி என் எழுத்தையே மறுபடி படித்தேன். மதினி குறுக்கே வந்தாள். "எங் கை ஒடிஞ்சதுக்கு எழுதுனா. கேக்கணும்னா என்னையக் கேளு."

அந்த நேரத்தில்தான் பைக்கில் நீங்கள் வந்தீர்கள். "நீங்கதானக்கா எழுதிக் குடுத்தீங்க? எடுன்னா எடுக்கோம். இப்ப எடுக்காதன்னா எப்படி?"

"படியில கெடந்த மண்ணத்தான சொன்னோம்?"

"தாள்ல அப்படி இல்லயே" என்று சிரித்தீர்கள். முந்தின நாள் மதினி முங்கிய இடத்துக்கு நேர் மேலே, கரையில் நின்று சிரித்தீர்கள்.

லாரிகள் அன்று திரும்பிப் போயின. பெர்மிட் இன்னும் ரத்தாகவில்லை. பொக்லைன் ஊர் எல்லையில் நிற்கிறது. அதனால் முறைவைத்துத் துறையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறோம். காற்றில் தூள் பறக்கிறது, கண் எரிகிறது, இருந்தும் உட்காருகிறோம். ஐந்து கோடு கிழித்த திட்டில் இப்போது இரண்டு கோட்டுக்குத்தான் மணல் இருக்கிறது.

கிராமசபை வருகிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள், தனியாகப் பேசக் கூப்பிடாதீர்கள். மைக்கில் முதலில் நான் என் தப்பைச் சொல்கிறேன். அப்புறம் மைக்கை நீங்கள் பிடியுங்கள். நான் உங்கள் கையில் கொடுத்த மனுவை மணல் பெர்மிட்டோடு சேர்த்தது யார்? எங்கள் திட்டு எங்கே போனது? மதினி முங்கிய குழியை யார் மூடப்போகிறார்கள்? கையெழுத்துப் போட்ட அத்தனை பெண்களும் முன்வரிசையில் இருப்போம். எங்கள் முகத்தைப் பார்த்து, ஊருக்குக் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.