அறுவடை இல்லாத ஆண்டின் மருத்துவ முகாம்

என் கணவர் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் பன்னிரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம் வாங்கி ஒயின் செய்யப் போவதாகச் சொன்னபோது, கம்பத்திலிருந்து மாமனார் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாராயம் காய்ச்சவாடா உன்னைய அமெரிக்காவுக்கு அனுப்புனேன்?"

அவரும் திராட்சை விவசாயிதான். ஆனால் பழம் விற்பது வேறு, ஒயின் விற்பது வேறு. அதன்பின் ஒரு வருஷம் அவர் மகனோடு பேசவில்லை.

எங்களுடைய மூன்றாவது அறுவடையில், பழம் பறிக்க வழக்கமாக வரும் மெக்சிகோக்காரர் ஒருவர் காலை பத்து மணிக்கே கொடிகளுக்கு நடுவில் சுருண்டு விழுந்தார். கணவர் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார். சர்க்கரை நோய். பல வருஷமாக இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. காலில் ஆறாத புண்ணைப் பூட்ஸுக்குள் மறைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

கணவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "தெனமும் காலைல பழத்துல சுகர் எவ்வளவு ஏறியிருக்குன்னு செக் பண்றேன். பறிக்கிற ஆளுக்கு எவ்வளவுன்னு ஒரு நாளாச்சும் கேட்டேனா?" என்றார்.

மறு வருஷம் அறுவடைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பீப்பாய்களை ஓரமாக உருட்டிவிட்டு, ஒயின் கொட்டகையிலேயே இலவச மருத்துவ முகாம் வைத்தோம். அக்கம்பக்கத் தோட்டத்து ஆட்களையும் அழைத்தோம். பக்கத்து நகரமான ஃப்ரீமாண்ட்டில் தெரிந்த தமிழ் டாக்டர்கள் எல்லாருக்கும் நான் போன் செய்தேன். பல் டாக்டர் ஆன்ட்டி ஒருவர் தயங்கினார்.

"ஒயினரிலயாம்மா? டெம்பிள் ஹால்ல வைக்கலாமே?"

"அவங்க அங்க வர மாட்டாங்க ஆன்ட்டி. இங்கதான் வேலைக்கு வர்றாங்க."

வந்தார். அன்று மட்டும் பதினேழு பேருக்குப் பல் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

பத்தாவது முகாம் முடிந்த குளிர்காலத்தில் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். தோட்டத்தை விற்றுவிடு என்று சொல்லாத ஆளில்லை. நான் விற்கவில்லை. கிளை வெட்டக் கற்றுக்கொண்டேன். டிராக்டர் ஓட்டவும் கற்றுக்கொண்டேன், வேலியில் ஒரு முறை இடித்த பிறகு.

அடுத்து வந்த கோடையில் புகை வந்தது. தீ எரிந்தது எங்கோ மலைகளுக்கு அப்பால். ஆனால் புகை எங்கள் பள்ளத்தாக்கில் வந்து நாள்கணக்கில் உட்கார்ந்துகொண்டது. பழத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தோலுக்குள் புகை இறங்கிவிட்டது, ஒயினில் சாம்பல் வாடை வரும் என்று பதில் வந்தது. பறிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அவர் நட்ட கொடிகளில் கொத்துக் கொத்தாகப் பழம் வாடுவதைப் பார்க்க முடியாமல் இரண்டு நாள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை.

கல்லூரி திறப்பதற்காகக் காத்திருந்த மகள் சொன்னாள்: "அம்மா, லெட்ஸ் ஸ்கிப் த கேம்ப் திஸ் இயர். ஹார்வெஸ்ட்டே இல்ல. நோபடி இஸ் கமிங்."

யாரும் வர மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புகையை வெளியில் நின்று சுவாசித்தவர்கள் அவர்கள். வேலையும் போய் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற வருஷங்களைவிட இந்த வருஷம்தான் அவர்களுக்கு டாக்டர் வேண்டும்.

"அவங்க வரலைன்னா நாம போவோம். நீ ஸ்பானிஷ் பேசு, மத்தத நான் பாத்துக்கறேன்," என்றேன்.

எங்கே போவது என்று, விரல் இழந்த அந்த மனிதரையே கேட்டேன். டிரேசி என்ற ஊரில் அவர்கள் வீடுகளுக்குப் பக்கத்தில், காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் மெஷின்கள் வைத்த ஒரு லாண்ட்ரி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் துணி துவைக்க அங்கேதான் வருவார்கள் என்றார். லாண்ட்ரி உரிமையாளர் முதலில் முடியாது என்றார். மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் என்னைப் பார்த்ததுமே, "பார்க்கிங்கில் பாதியை எடுத்துக்கொள், மதியம் இரண்டு மணிவரை," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடாரம் போட்டு டாக்டர்களை உட்காரவைத்தோம். துணிக்கூடையோடு வந்தவர்கள், மெஷின் ஓடி முடிவதற்குள் எங்கள் கூடாரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண்ணுக்கு மூச்சு விடும்போதே விசில் சத்தம் கேட்டது. உடனே ஹாஸ்பிடல் போகணும் என்றார் டாக்டர். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. டிரையரில் துணி இருக்கிறதாம். மகள் ஸ்பானிஷில் ஏதோ சொல்லி அவள் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"யூ டிரைவ், அம்மா. துணிய நான் மடிச்சுக்கறேன்."

அந்தப் பெண் நான்கு நாள் மருத்துவமனையில் இருந்து, நல்லபடியாக வீடு திரும்பினாள்.

அந்த வருஷப் பழத்திலிருந்து ஒரு பாட்டில் ஒயின்கூட வரவில்லை. அடுத்த வருஷம் பழம் நன்றாக வந்தது. கொட்டகையில் ஒரு முகாம், லாண்ட்ரி வாசலில் ஒரு முகாம் என்று இப்போது இரண்டு நடத்துகிறோம். டிரேசி முகாமுக்குத் தேதி குறிப்பதும் டாக்டர்களுக்குப் போன் செய்வதும் மகள்தான். நான் போய் மேஜை போடுகிறேன்.