காப்பித் தோட்டத்துச் சாலையில் ஆறு நிமிடம் நாற்பது விநாடி

சனிக்கிழமை காலை 5.20. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை மட்டும் பதினைந்து ரூபாய்க்குப் போட்டிருந்தான். பாதி குடிப்பதற்குள் தனராஜின் ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. தனராஜ் நூற்பாலை முதலாளி. அவருக்குச் சொந்தமாக ஒரு கார்ப் பந்தய அணி உண்டு. அணி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கார், அதை ஓட்ட ஒரு பெண், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல அவளுடைய தங்கை, ஒரு மெக்கானிக், அவ்வளவுதான். மலைச்சாலையில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்க்கும் பந்தயங்களில் இரண்டு வருடமாகக் கலந்துகொள்கிறார்கள். இரண்டு வருடமும் கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் கிடைக்கும் இடம்தான்.

பருவம் தொடங்க ஐந்து வாரம் இருந்தது. அதற்கு முன்னால் எல்லா அணிகளும் எங்காவது ஒரு மூடிய சாலையில் காரை ஓட்டிச் சோதித்துப் பார்க்கும். அதைப் பார்த்து எழுதத்தான் மதுரையிலிருந்து வந்திருந்தேன். மோட்டார் வண்டிகளைப் பற்றி இருபது வருடமாக எழுதுகிறேன். இந்தச் சோதனை ஓட்டங்களை மட்டும் ஒருநாளும் நம்பியதில்லை. சில அணிகள் டாங்க் நிறையப் பெட்ரோலோடு பழைய டயரில் ஓட்டி, மெதுவானவர்கள் போலப் பாசாங்கு செய்யும். சில அணிகள் கைக்கருவிகளைக்கூட இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை பறந்து காட்டும். அதைப் போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டு, பந்தயத்தன்று முகத்தைத் தொங்கப்போடும்.

செம்பட்டி தாண்டியதும் விடிந்துவிட்டது. அய்யம்பாளையத்தில் ஜீப்பின் மீட்டர் முப்பத்தாறு கிலோமீட்டர் காட்டியது. சந்தைக்குப் போகிற தேங்காய் வண்டி ஒன்று வழியை அடைத்து நிற்க, தனராஜ் ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"சார், போன வருசம் நம்ம பிரிவுல ஜெயிச்சாய்ங்கள்ல, அவிய்ங்களும் இதே தோட்டத்துலதான் ஓட்டிப் பாத்தாய்ங்க. ஏழு கிலோமீட்டரு, ஆறு நிமிசம் நாப்பது செகண்டு. நம்ம புள்ள நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அத ஓட்டிட்டா பந்தயத்துக்குப் பேரக் குடுக்குறேன். இல்லேன்னா வண்டிய வித்துருவேன். கோயம்புத்தூர்ல ஆளு ரெடியா இருக்கான்."

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். ஒளிவு மறைவெல்லாம் எதுக்கு?"

சித்தரேவு வழியாக மலையேறினோம். பெரும்பாறைக்கு மேலே குளிர் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. 7.45-க்குத் தோட்டத்தின் மேல் கேட். காப்பிப் பழம் பறித்து முடிந்திருந்ததால் உள்ளே ஆள் நடமாட்டம் இல்லை. மேல் கேட்டிலிருந்து கீழ் கேட் வரை ஒரே இறக்கம். ஒரு கார் போகிற அகலத்தில் தார்ச்சாலை, இருபத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் மிளகுக்கொடி சுற்றிய மரங்கள். மறுபக்கம் ஒன்றுமில்லை.

ஜெயந்தி காரின் மேல் சாய்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். ஊர் பூம்பாறை. ஒன்பது வருடம் பூண்டு மூட்டை ஏற்றிய வேனைக் கொடைக்கானல் மலையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்கு இறக்கியவள். தங்கை மல்லிகா ஒரு நோட்டில் வளைவுகளைக் குறித்துக்கொண்டிருந்தாள். ஓடும்போது அதைப் பார்த்து அவள் சத்தமாக வாசிப்பாள், அக்கா கேட்டு ஓட்டுவாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"வண்டிய ஓட்ட என்ன சார் பயம்? இவரு வித்துருவேங்குறாருல்ல, அதான் பயம். திரும்பப் பூண்டு வண்டிக்குப் போகலாம், சோலி இல்லாம ஒண்ணும் போயிறல. ஆனா எனக்கு இது வேணும் சார். இம்புட்டு ஆசையா நான் எதையும் கேட்டதில்ல."

அன்று மூன்று ஓட்டம். நான் கீழ் கேட்டில் கடிகாரத்தோடு நின்றேன். மேல் கேட்டின் காவல்காரர் வாக்கிடாக்கியில் "கெளம்பிருச்சு" என்றதும் அமுக்க வேண்டும். முதல் ஓட்டம் ஆறு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி, 6.52. இரண்டாவது 6.52. மாலையில் மூன்றாவது 6.53. தனராஜ் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஜீப்பில் போய் உட்கார்ந்தார். மெக்கானிக் செபாஸ்டின் மட்டும் தலையைச் சொறிந்தான். "மூணு தடவையும் ஒரே நேரம் சார். இம்புட்டு ஒழுங்கா ஓட்டுற ஆளு எப்படி மெதுவா வரும்? எங்கயோ இடிக்குது" என்றான். பெரும்பாறையில் அறை வாடகை ஆளுக்கு நானூறு. போர்வை ஈரமாக இருந்தது.

ஞாயிறு காலை 7.10. டயர் மாற்றுவதற்காகக் காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிய செபாஸ்டின், தூக்கியதை அப்படியே நிறுத்தினான். "என்னடா இது, பின்னால இம்புட்டு கனமா இருக்கு" என்று முனகிக்கொண்டே பின்கதவைத் திறந்து உபரிச் சக்கரத்தைக் கழற்றினான். அதற்கு அடியில் இரண்டு உரச்சாக்குகள். வாயைச் சணலால் கட்டி, கயிறு போட்டு இறுக்கியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் மண்!

யார் வைத்தது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. ஜெயந்தி தலை குனிந்து நின்றாள். மல்லிகா அவளுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"ஏ தாயி, நீயா வச்ச?" என்றான் செபாஸ்டின்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் நாங்கதேன் அள்ளிப் போட்டோம். வெறும் வண்டிய மலையில எறக்கக் கூடாதுல்லண்ணே. எங்க ஊருல மூட்டை இல்லாத அன்னைக்கு மண்ணாவது ரெண்டு சாக்கு போட்டுத்தேன் எறக்குவாக. இல்லேன்னா பின்னாடி தூக்கிக்கிட்டுப் போயிரும். இந்த வண்டி அப்படித்தேன் தூக்குது. அதான்..."

"கனம் இருந்தா வேகம் போகும்னு தெரியாதா?" என்று தனராஜ் கத்தினார்.

"தெரியுமுங்க. ஆனா மேல போயிச் சேரக் கூடாதுல்லங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நேரத்தை மறைக்க எத்தனையோ அணிகள் எடை ஏற்றிப் பார்த்திருக்கிறேன். எடை ஏற்றியதையே சொல்லத் தோன்றாத ஓட்டுநரை அன்றுதான் பார்த்தேன். அவளுக்கு அது தந்திரமும் அல்ல, குற்றமும் அல்ல. சாவி போடுவதைப் போல ஒரு வழக்கம், அவ்வளவுதான். அறுபது கிலோ மண்ணோடுதான் அவள் 6.52 ஓட்டியிருக்கிறாள்! தனராஜின் முகம் நொடியில் மாறிவிட்டது. சாக்குகளை அவரே தூக்கி வெளியே போட்டார், வேட்டியெல்லாம் மண்.

8.05. வாக்கிடாக்கியில் "கெளம்பிருச்சு" என்றது. தனராஜ் கீழே என் பக்கத்திலேயே நின்றார். மலைக்கு மேலே என்ஜின் சத்தம் ஒரு மரத்துக்கு ஒரு மரம் தாவி வருவது கேட்டது. ஐந்தாவது நிமிடத்தில் சத்தம் சட்டென்று நின்றது. எண்ணிப் பார்க்கவில்லை, இரண்டு விநாடிகூட இருக்காது. திரும்பவும் சத்தம் வந்தது, முன்னைவிட ஆவேசமாக. "வருது சார், வருது!" என்று தனராஜ் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினேன். கார் கேட்டைத் தாண்டியது.

6.37.

ஐம்பது வயது ஆள் நான், பள்ளிப் பிள்ளை மாதிரி குதித்தேன். தனராஜ் அதற்குள் போனை எடுத்து யாரிடமோ "முப்பத்தேழு, ஆமா, முப்பத்தேழு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரிலிருந்து யாரும் இறங்கவில்லை. அப்புறம் ஜெயந்தி இறங்கி நேராகக் காப்பிச்செடி ஓரம் போய் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தவள், "அது நான் ஓட்டினதில்லங்க. வண்டி தானா வந்துச்சு, நான் உள்ள இருந்தேன். இன்னொருக்கா போறேன்" என்றாள்.

8.50. இரண்டாவது ஓட்டம். 6.58.

ஒரே கார், ஒரே சாலை, முக்கால் மணி நேர இடைவெளியில் இருபத்தோரு விநாடி வித்தியாசம். தனராஜ் போனைப் பைக்குள் வைத்தார். இந்த இரண்டு எண்களையும் தாங்க முடியாமல் அவர் சாலையில் முன்னும் பின்னும் நடந்தார். செபாஸ்டின் மட்டும் ஜெயந்தியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, வைத்தியர் மாதிரி ஒவ்வொன்றாக விசாரித்தான். பிரேக் மிதிக்கும்போதா தூக்குது, விடும்போதா? எந்தப் பக்கம்? மண் இருந்தபோது இல்லையா? அவள் கையால் காற்றில் வளைத்து வளைத்துக் காட்டினாள். கடைசியில் அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"பின்னால ஸ்பிரிங்க ரொம்ப முறுக்கா வச்சுட்டேன் சார். ரெண்டு வருசமா அப்படித்தேன் கெடக்கு. அந்த மண்ணுதான் அத அமுக்கிப் புடிச்சிருக்கு. இந்தப் புள்ளைக்கு வாய் தொறந்து சொல்லத் தெரியல, மண்ண அள்ளிப் போட்டுருச்சு. நானும் ஒரு நாளாவது கேட்ருக்கணும்."

ஸ்பிரிங் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. கீழ் கேட்டிலிருந்து பார்த்தால் இரண்டாவது மரம் தெரியவில்லை. மத்தியானம் வரைக்கும்தான் தவணை. பனி விலகட்டும் என்று நான் சொன்னதற்கு ஜெயந்தி, "பந்தயத்தன்னிக்கு வெலகலேன்னா என்ன சார் செய்யிறது? வெரசா போயிட்டு வந்துறேன்" என்று கையுறையை மாட்டிக்கொண்டாள்.

10.55. 6.41. பனிக்குள்ளிருந்து விளக்குகள் மட்டும் முதலில் வந்தன. 11.20. மறுபடி 6.41. 11.50. கடிகாரத்தை அமுக்கிவிட்டுப் பார்க்கவே எனக்குத் துணிச்சல் வரவில்லை, செபாஸ்டின்தான் வாங்கிப் பார்த்தான். 6.41. அவன் கடிகாரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பனியில், பாதுகாப்பாக, மூன்று முறை அதே நேரம். பந்தயத்தில் நாள் முழுக்க ஓட வேண்டும். ஒரு அணியின் யோக்கியதையை அறிய இதைவிட நல்ல தாள் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் இலக்கைவிட ஒரு விநாடி கூடுதல். தனராஜ் அதைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்தேழு ஓட்டுன வண்டி இது. நாப்பத்தொண்ணுன்னு நான் எப்படி வெளிய சொல்லுவேன்? முப்பத்தேழ இன்னொருக்கா ஓட்டிக் காட்டும்மா, இப்பவே பேரக் குடுத்துறேன். முடியாதுன்னா முடியுங்குற ஆளக் கூட்டிக்கிட்டு வாறேன்."

ஜெயந்தி தங்கையின் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள். "கொஞ்சம் வாங்கய்யா" என்று முன்னால் நடந்தாள். நாங்களும் பின்னாலேயே போனோம். ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் ஏறியிருப்போம். வளைவுகளைக் கீழிருந்து எண்ணிக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நின்று தரையைக் காட்டினாள். தாரில் இரண்டு கறுப்புத் தடங்கள். உள்பக்கம் ஆரம்பித்து அகலமாக வளைந்து வெளிப்பக்கம் போயிருந்தன. வெளித்தடம் தாரைவிட்டு இறங்கிப் புல்லை உழுதிருந்தது. அதற்கப்புறம் ஒரு சாண் மண். அதற்கப்புறம் பனி.

"இதுதேன் உங்க முப்பத்தேழு" என்றாள். கையில் வைத்திருந்த தங்கையின் ஹெல்மெட்டை அவரிடம் நீட்டினாள். "காலைல பக்கத்துல உக்காந்தது எங்க மல்லிகா. இன்னொருக்கா வேணும்னா நீங்க உக்காருங்கய்யா. ஓட்டுறேன். மனசாரத்தேன் சொல்றேன்."

தனராஜ் ஹெல்மெட்டை வாங்கினார். மாட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன், மனிதர் வீம்புக்காரர். தடத்தின் ஓரமாகவே நடந்து, புல் முடிகிற இடத்தில் நின்று எட்டிப் பார்த்தார். கீழே எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து ஹெல்மெட்டை ஜெயந்தியிடம் கொடுக்கவில்லை, மல்லிகாவிடம் கொடுத்தார்.

"நாப்பத்தொண்ணே இருக்கட்டும்மா" என்றார். "பேரக் குடுத்துருவோம்."

செபாஸ்டின் நடுச்சாலையில் உட்கார்ந்தே விட்டான். ஜெயந்தி சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பு இல்லாததால் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறக்கத்தில் வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.

2.40-க்குப் புறப்பட்டோம். ஜீப்பின் பின்சீட்டில் நானும் மல்லிகாவும். வழி முழுக்க எனக்கு மதுரை வெளிவட்டச் சாலை நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே எல்லோரும் இதைவிட வேகமாகப் போகிறோம், யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. சித்தரேவு நெருங்கும்போது மல்லிகா மடியிலிருந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஏதாவது பேச வேண்டும் என்று, "காலைல அந்த வளைவு தாண்டினதும் எப்படி வாசிச்சே?" என்று கேட்டேன்.

"வாசிக்கவே இல்ல சார். அக்கா வாசிடி வாசிடின்னு அழுதுச்சு. எனக்குச் சத்தமே வரல. கீழ் கேட்டு வரைக்கும் அக்கா எதையும் கேக்காமத்தேன் ஓட்டுச்சு."

அந்த நேரத்தில்தான் நான் கீழே நின்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தேன்.