அடித்தது யார் நெஞ்சு

போன வாரம் மகளுக்குக் காய்ச்சல். அவள் மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். நாடி தறிகெட்டு ஓடியது. அப்படியே அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அம்பத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கிருந்த நர்ஸ் இரண்டு விரல்களை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கட்டைவிரல்ல பாத்தீங்களா மேடம்? அதுல உங்க நாடிதான் அடிக்கும். பாப்பா நல்லாத்தான் கீது. மொதல்ல நீங்க உக்காருங்க."

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். யாருடைய துடிப்பு என்று தெரியாமல் குழம்புவது எனக்குப் புதிதல்ல.

எனக்கு ஏழு வயது. வேப்பம்பட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். மறுநாள் அவருக்குப் பெண் பார்க்கத் திருவேற்காடு போவதாக ஏற்பாடு. பெண் வீட்டுக்கென்று வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்த மைசூர்பாகு டப்பாவைச் சாயங்காலம் திறந்தால், பாதி காலி.

மாமா கத்தவில்லை. பையிலிருந்து டாக்டர் கழித்துக்கட்டிய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"யாரு துன்னதுன்னு யாரும் சொல்ல வாணாம். துன்னவங்க நெஞ்சு தடதடன்னு அடிச்சிக்கும், இது காட்டிக் குடுத்துடும். மாட்டுனவங்க நாளைக்கி வரக் கூடாது."

நான் தின்னவில்லை. ஆனால் புதுப் பாவாடை, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, பெண் வீட்டு பஜ்ஜி எல்லாம் அந்த ரப்பர் குழாயில் தொங்கின.

முதலில் அண்ணன். மாமா கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னா மாமா, இன்ஜின் நல்லா ஓடுதா?"

"வாய மூடுடா. நீ இல்ல, போ."

அடுத்து நான். தரையில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடி, மடியில் ஏறி அவள் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். காதுக்குள் தடதடவென்று சத்தம். அவ்வளவு வேகமாக எதுவும் அடித்து நான் கேட்டதில்லை. நெஞ்சு இப்படி அடிக்கிறதென்றால் தின்றது நான்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

"நாந்தான் மாமா துன்னேன்" என்றேன்.

சொன்ன உடனே நாக்கில் நெய் மணத்தது. முக்காலி போட்டு ஏறியதுகூட நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் முக்காலியே கிடையாது.

"பாத்தியாக்கா! இன்னும் வைக்கவே இல்ல, அதுக்குள்ள கக்கிடுச்சி!" மாமாவுக்கு ஒரே பெருமை.

அம்மா என்னை இறுக்கிக்கொண்டாள். "சும்மா இருடா. கொழந்தையப் போயி! அது வரலன்னா நானும் வரல."

அக்கா இல்லாமல் பெண் பார்க்கப் போக முடியுமா? தண்டனை அங்கேயே ரத்தானது. மறுநாள் மிச்ச மைசூர்பாகை இடைவெளி விட்டுத் தட்டில் பரப்பிக்கொண்டு எல்லோரும் போனோம். ஜன்னல் சீட்டு எனக்குத்தான். அந்தப் பெண்தான் எங்கள் அத்தை. திருந்திய திருடி என்ற பெயரோடு நான் பல வருடம் நிம்மதியாக வளர்ந்தேன்.

பெண் பார்த்த ஏழாம் மாதம் தங்கை பிறந்தாள். அவளும் வளர்ந்து கல்யாணமாகி, அவளுடைய வளைகாப்பில், அவள் லட்டு மேல் லட்டாகத் தின்பதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நீ வயித்துல இருக்கசொல்லோ நான் ஒரே மூச்சுல அரை டப்பா மைசூர்பாகு துன்னேன். அப்ப யாருக்கும் சொல்லல, வெக்கம். பாவம், உங்க அக்கா ஒத்துக்கினா."

மேல்தட்டு என் கைக்கு எட்டாது என்பது டப்பா காலியான அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். என்னைக் காப்பாற்றத்தான் அம்மா அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்தாள் என்பது ஏழு வயதில் எனக்குப் புரியவில்லை.