டிரையரை விட்டு விலகாதவன்

மலைக்குக் கீழே ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை முடித்த கருத்தப்பாண்டியை, ஒரு வருடப் பயிற்சிக்காக அவன் பிறந்து வளர்ந்த தேயிலை எஸ்டேட்டின் ஃபேக்டரிக்கே அனுப்பினார்கள். வண்டிப்பெரியாற்றுக்கு மேலே, மழை ஓயாத எஸ்டேட் அது. வருடம் எழுபத்து நான்கு.

அவனுடைய அம்மா வேலுத்தாய் கொழுந்து பறித்துப் பறித்துத் தேய்ந்துபோயிருந்தாள். அடுத்த தை மாதத்தோடு வயது முடிந்து அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். குடும்பத்தில் ஒருவராவது எஸ்டேட்டில் வேலை பார்த்தால்தான் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கலாம். பயிற்சி முடிந்ததும் ஃபேக்டரியில் இவனை எடுத்துக்கொண்டால் வீடு நிற்கும். இல்லையென்றால் அம்மாவும் பிள்ளையும் எங்கே போவார்கள்? அப்பாவைப் புதைத்த இந்த மண்ணைத் தவிர அவர்களுக்கு வேறு மண் கிடையாது.

அவனை டிரையரில் நிறுத்தினார்கள். நசுக்கிப் புளிக்கவைத்த கொழுந்து அந்தப் பெரிய இரும்புப் பெட்டிக்குள் மேலே போய், சூடு வாங்கி, கீழே கறுத்த தூளாக விழும். சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முள் ஏறினால் காற்றுக் கதவைத் திருப்ப வேண்டும். கொஞ்சம் அசந்தால் தூள் கருகிவிடும்.

முதல் மாதமே அது நடந்தது. லயத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இன்னொன்றையும் பழகிவிடுவார்கள். எஸ்டேட் துரையோ ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கரோ எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்து, அவர் கடந்து போகும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். அன்று டீமேக்கர் சூசையப்பன் டிரையர் பக்கம் வந்து, அங்கேயே நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். துண்டும் கையுமாகச் சுவரோரம் ஒதுங்கிய கருத்தப்பாண்டி அப்படியே நின்றுவிட்டான். முள் ஏறியது. கருகல் நாற்றம் வந்த பிறகுதான் அவனும் டீமேக்கரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் வந்தா மிசினும் துண்டை அவுத்துட்டு நிக்கும்னு நெனச்சியாலே?" என்றார் டீமேக்கர்.

அன்றைய தூள் குப்பைக்குப் போனது. இன்னொரு முறை கருகினால் பயிற்சியோடு வெளியே போக வேண்டியதுதான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வேலுத்தாய் அன்று மகனைத் திட்டவில்லை. சாப்பிடவும் இல்லை. வீட்டுச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு, எந்த வகுப்பிலும் சொல்லித்தராத ஒன்றை அவன் உடம்பு படிக்கத் தொடங்கியது. யார் வந்தாலும் துண்டு தலையிலேயே இருந்தது, கண் முள்ளிலேயே இருந்தது. முதலில் முதுகு கூசியது. கால்கள் தாமாக ஒதுங்கப் பார்த்தன. மெல்ல மெல்ல அடங்கின. வாசனையை வைத்தே சூட்டைச் சொல்ல வந்துவிட்டது. ஆனால் வீடு திரும்பும்போது கண் எரியும், கால் மரக்கட்டையாக இருக்கும். சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுவான்.

பயிற்சி முடியவிருந்த மார்கழியில், வேலுத்தாய் தேயிலைச் சரிவில் கூடையோடு விழுந்தாள். கொழுந்து லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டு அழகுத்தாய் நனைந்த கம்பளியோடு ஃபேக்டரி ஜன்னலுக்கு ஓடிவந்தாள்.

"பாண்டி, ஒங்கம்மா பேச்சுமூச்சு இல்லாம கெடக்காடா. வாடா."

டிரையர் நிறையக் கொழுந்து. மாற்று ஆள் பிச்சைமணி லயத்தில் இருந்தான். அவனை அனுப்பிவைக்கும்படி கருத்தப்பாண்டி கெஞ்சினான். ஆனால் திரும்பவில்லை. கண்ணீர் முள்ளை மறைத்தது. தோளில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

"பெத்தவளவிட ஒனக்கு இந்த இரும்பு பெருசாப் போச்சா?"

அவன் காற்றுக் கதவைத் திருப்பினான். அவள் வைதுகொண்டே லயத்துக்கு ஓடினாள். பிச்சைமணி வந்து காற்றுக் கதவின் பிடியை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

வேலுத்தாய் கண் விழித்திருந்தாள். ஒரு பக்கத்துக் கையும் காலும் அசையவில்லை. மகனைக் கண்டதும் அந்த முகத்தில் பயம்தான் வந்தது.

"மிசினை... விட்டுட்டு வந்துட்டியாலே?" குழறிக் குழறிக் கேட்டாள்.

"இல்லம்மா. பிச்சைமணி அண்ணன் கையில குடுத்துட்டுத்தான் வந்தேன். கருகல."

அவள் கண்ணில் இருந்த பயம் போயிற்று. அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதான்.

தை மாதம் அவனை ஃபேக்டரியில் எடுத்துக்கொண்டார்கள். வீடு நின்றது. அந்த வீட்டில்தான் வேலுத்தாய் இன்னும் படுத்துக் கிடக்கிறாள். வேலை முடிந்து வந்து, அவளுக்கு அவன் கஞ்சி ஊட்டுகிறான். பாதிக் கஞ்சியில் அவன் கண் செருகிவிடும். அவள் எழுப்புவதில்லை. வாயைத் திறந்தபடி காத்திருப்பாள்.