திங்கட்கிழமைத் திருநீறு

ஆனைமுகத்தான் அடிதொழுது, ஆலமுண்ட கண்டத்தானை நெஞ்சில் இருத்தி, என் அறியாமையை ஒளிக்காமல் எழுதும் துணிவை அவனிடமே வேண்டித் தொடங்குகிறேன்.

ஆவணி வளர்பிறைத் திரயோதசியும் திருவோணமும் கூடிய ஒரு வியாழக்கிழமை. மாலைப் பிரதோஷ வழிபாட்டுக்குக் கண்டிக் கோயிலுக்குச் செல்லுமுன், பிலிமத்தலாவையில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த என் தமக்கையைப் பார்க்கச் சென்றேன். பக்கவாதத்தால் அவரது வலப்பக்கம் செயலற்றிருந்தது. ஒரு மாதம் அங்கே வைத்துப் பார்ப்போம், பராமரிப்புச் சரியில்லையென்றால் வீட்டுக்கு அழைத்துவருவோம் என்று முடிவுசெய்திருந்தோம். அந்த மாதம் அன்றோடு நிறைந்தது. அவர் இருப்பாரா, வருவாரா என்பதை நான் இல்லத்தின் தலைமைத் தாதியான மேற்றனிடம் சொல்லியாகவேண்டும்.

அதுவரை திங்கட்கிழமைகளில் மட்டுமே சென்றிருந்தேன். படுக்கை விரிப்பையும் மருந்துக் குறிப்பேட்டையும் பார்ப்பதுண்டு. ஆயினும் என் தீர்ப்பை நான் வாசித்த இடம் தமக்கையின் நெற்றி. ஒவ்வொரு முறையும் அங்கே மூன்று கீற்றாகத் திருநீறு துலங்கியது. திருநீறே மருந்தென்று நம்பி வளர்ந்தவன் நான். கோயிலிலிருந்து கொண்டுசென்றதையும் அதன்மேல் தாராளமாகப் பூசி, பதிகம் ஒன்று பாடி, மனம் நிறைந்து திரும்புவேன்.

அந்த வியாழனன்று நெற்றி வெறுமையாக இருந்தது. தெல்தோட்டையைச் சேர்ந்த பணிப்பெண் ஒருவர் தமக்கைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சினம் பொங்கியது.

"நான் இல்லாத நாளிலை இப்பிடித்தானோ? இண்டைக்கே அக்காவைக் கூட்டிக்கொண்டு போறன்."

"கோவிச்சுக்காதீங்க ஐயா. நீங்க திங்கக்கெழமதானே வருவீங்க? அன்னைக்கு மட்டும் பூசிவிடச் சொல்லி மேற்றன் சொன்னாங்க. அம்மாவுக்கு இந்த வலது கண்ணு முழுசா மூடுறதில்லைங்க. படுக்கவச்சா திருநீறு உதிர்ந்து உள்ள விழுந்திருது. செவ்வாக்கெழம பூரா கண்ணு செவந்து தண்ணியா கொட்டும். கழுவி மருந்து விட்டா, மறுநாதான் தெளியும்."

"இதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்க கண்ண மூடிப் பாடிக்கிட்டு இருப்பீங்க. நடுவுல எப்பிடிங்கய்யா சொல்றது?"

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். தமக்கை கோணிய வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். சொற்கள் மெல்ல வந்தன.

"ஊர்ப் பள்ளிக்கூடம் எல்லாம் சோதிச்ச பெரிய ஆள். உனக்கும் வெள்ளையடிச்சுக் காட்டிப்போட்டினம், பாத்தியோ?"

உண்மைதான். கல்வித் திணைக்களத்தில் பரிசோதகராக இருந்த காலத்தில், நான் வரும் நாளை அறிந்து கூட்டிப் பெருக்கிய வகுப்பறைகளை எத்தனையோ கண்டு உள்ளுக்குள் நகைத்தவன் நான்.

"நீங்களும் சொல்லேல்லையே, அக்கா?"

"உனக்கு முகமெல்லாம் சந்தோசம். அதை ஏன் கெடுப்பான்?"

எழுந்து, முதன்முறையாக அவரது முதுகையும் குதிகால்களையும் பார்த்தேன். படுக்கைப் புண் ஒன்றும் இல்லை. தோல் உலர்ந்து தூய்மையாக இருந்தது. என்னை ஏமாற்ற நோயாளியின் கண்ணை நோகவிட்ட இடமும் இதுவே. அந்தக் கண்ணை ஒவ்வொரு வாரமும் தெளியவைத்த இடமும் இதுவே. இதை நல்ல இல்லம் என்பதா, பொல்லாத இல்லம் என்பதா? நோகச்செய்த கைகளில் என் கையும் ஒன்றல்லவா?

"வீட்டை வாறியளோ, அக்கா?"

அவர் பணிப்பெண்ணைப் பார்த்தார். "இவள் ரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா என்னைப் பிரட்டி விடுறவள். நீ பிரட்டுவியோ, உன்ரை முழங்காலோடை?"

நான் என் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

"அப்ப நான் இஞ்சையே இருக்கிறன்."

அதையே மேற்றனிடம் சொன்னேன். எனக்காக இனி எதுவும் செய்யவேண்டாம், நோவு எதுவென்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் உடனே தலையசைத்தார். நான் கேட்க விரும்புவது அதுதான் என்பதால் அசைத்தாரோ என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. எந்தக் கிழமை வருவேன் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

புறப்படுமுன் தமக்கையின் இடது முன்கையில் ஒரு விரலால் மெல்லிய கீற்றாகத் திருநீறு இட்டேன். அங்கும் அணியலாம் என்பது மரபு. கண்ணை மூடாமல், சிறிய குரலில் பாடினேன். பாடும்போது அவரது வலக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை வாசிப்போர் அனைவரும் கண் தெளிந்து, நோய் அகன்று, தம்மைத் தாங்கும் கைகளைத் தாமும் தாங்கி வாழ ஈசன் திருவருள் கூடுவதாக.