துப்பாக்கிக்கு ஜோடி தேடிய கதை

சித்திர வேலை செய்த பழைய சட்டைப்பைத் துப்பாக்கிகளைச் சேர்ப்பது சுடத் தெரியாதவனுக்கு மட்டுமே ஏற்ற பழக்கம். தெரிந்தவன் புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விடுவான். தபால்தலை, பழைய காசு, தீப்பெட்டிப் படம் என்று எதையாவது சேர்த்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சகோதரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

நான் கோலாலம்பூர் ரயில் யார்டில் ராத்திரி பாய்ண்ட்ஸ்மேன். வண்டிகளைச் சரியான தண்டவாளத்தில் திருப்பிவிடுவது வேலை. எத்தனையோ பேரை ஊருக்கு அனுப்பிவைத்த நான் மட்டும் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸைத் தாண்டவில்லை. பகலில் தூக்கம் வராது. கண்ணை மூடினால் எங்கேயோ புறப்பட வேண்டும் போலிருக்கும். எங்கே என்று மட்டும் தெரியாது. முதல் வகுப்பில் துரைமார் விட்டுப்போகும் பத்திரிகைகளையும் ஏலப் பட்டியல்களையும் வைத்துத்தான் இங்கிலீஷ் படித்தேன். அவற்றில் துப்பாக்கிப் படங்கள் நிறைய இருந்தன. நாய்ப் படங்களும்தான். குவாட்டர்ஸில் நாய் வளர்க்க இடமில்லை.

தவுக்கே தந்த நற்சான்று

பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் ஒரு சீனரின் பழைய சாமான் கடை. உடைந்த கடிகாரங்களுக்கு நடுவே அது கிடந்தது. உள்ளங்கை அளவு. மரக் கைப்பிடியில் வெள்ளிக் கம்பியை இழைத்துக் கொடி ஓட்டியிருந்தார்கள். குழல் முழுக்கத் தங்கப்பூச்சுப் பூக்கள். நூறு வருஷத்துக் கறுப்பு அந்தக் கொடியின் ஓரங்களில் மை தீட்டினாற்போல் படிந்திருந்தது. புரட்டினேன். அடியில் பொடி எழுத்தில் '2' என்று இருந்தது. இந்த மாதிரிச் சாமானை ஜோடியாகத்தான் செய்வார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் நம்பர் 1 எங்கேயோ இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து இதன் பக்கத்தில் வைக்காமல் சாவதில்லை என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

தவுக்கே, அதாவது கடை முதலாளி, நல்ல மனுஷர். ஏமாற்றக்கூடாது என்று துப்பாக்கிக் குதிரையை இழுத்து விட்டுக் காட்டினார். அது தும்மல் போட்டாற்போல் ஒரு சத்தம் போட்டு அடங்கியது. "இது சுடாது, பார்க்க மட்டும்தான்" என்று மலாய் மொழியில் சொல்லித்தான் விற்றார். வீட்டுக்கு வந்து அதை அப்படியே பாக்கியத்திடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "அப்போ உங்களுக்கு ஏத்த சாமான்தான்."

கான்ஸ்டபிளும் பிஸ்கட் டின்னும்

சகவாசத்துக்கென்று இன்னும் சில துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. எல்லாம் பிஸ்கட் டின்னில் குடியிருந்தன. ரயில்வேக்காரன் வீட்டில் ஆயுதம் குவிகிறது என்று யாரோ புண்ணியவான் போலீசில் சொல்லிவிட்டான். தலைப்பாகையோடு ஒரு பஞ்சாபிக் கான்ஸ்டபிள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

பாயில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒவ்வொரு குழலாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒன்றிலிருந்து சிலந்தி இறங்கி அவர் கை மேல் நடந்தது. பாக்கியம் காப்பி கொடுத்தாள். குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "இத காட்டினா கோழிகூட சிரிக்கும். ஸ்டேஷனுக்கு வா, எழுதிக் குடு, போ."

பாக்கு இடித்த நம்பர் 1

கிள்ளானில் ஒரு செட்டியார் துப்பாக்கியால் பாக்கு இடிக்கிறார் என்று எங்கள் ரயில் கார்டு ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை முடிந்த கையோடு முதல் வண்டி ஏறினேன்.

செட்டியார்கள் வட்டிக்கடை வைத்துத் தங்கும் கிட்டங்கியில், பணப்பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் சோலையப்பச் செட்டியார். ஊரிலிருக்கும் முதலாளிக்காக இங்கே கடை பார்க்கும் ஏஜெண்டு. ரப்பர் விலை விழுந்தபோது ஊருக்கு ஓடிப்போன துரை ஒருவரின் மேஜையை அவர் வாங்கியிருந்தார். அதன் டிராயரில் கிடந்ததாம். அதே வெள்ளிக் கொடி, அதே பூ, அதே கறுப்பு. அடியில் '1'.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? "அண்ணே, பாக்கு இடிக்க நல்ல உரல் தாறேன், இதைக் குடுங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போயிருப்பான். சேர்ப்பவனுக்கு ஏது புத்தி? வெள்ளி இழைப்பு, தங்கப்பூச்சு, பழைய கறுப்பின் மகிமை என்று வாய் வலிக்கும்வரை பேசினேன். செட்டியார் அசையாமல் கேட்டார். பிறகு துண்டால் பாக்குத் தூளைத் துடைத்தார். பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "நல்லவேளை சொன்னீக. வெவரந் தெரியாம நானும் இடிச்சுக்கிட்டே இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணம்

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் கிள்ளான். அடுத்த வாரமே நம்பர் 1 சிவப்புப் பட்டில் படுத்திருந்தது. அதற்கடுத்த வாரம் தண்டாயுதபாணி படத்துக்குக் கீழே, தலையில் ஒரு செம்பருத்தியோடு. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் செட்டிநாட்டில். மூன்று வருஷத் தவணை முடிந்தால்தான் முகம் பார்க்கலாம். வட்டி தவிர வேறு பேச்சுப் பேச அவருக்கும் ஆள் இல்லை. பேசினால் கேட்க எனக்கும் ஆள் இல்லை. போகப் போக என்னைத் திருத்தவே ஆரம்பித்துவிட்டார். "அது திராட்சைக் கொடி இல்லீக, முல்லை" என்பார்.

தவணை முடிய ஒரு மாதம்தான் பாக்கி என்று ஒரு ஞாயிறு சொன்னார். அவர் கப்பல் ஏறினால் நம்பர் 1 செட்டிநாட்டு வீட்டு அலமாரிக்குள் போய்விடும். பிறகு நான் அதைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன், கொடுங்கள் என்று. அவர் ரொம்ப நியாயமாகப் பதில் சொன்னார்: "ஜோடியப் பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக? சரி, உங்களுத எப்பக் குடுக்கப் போறீக?"

ஆயுத பூசை

ஒரு தடவையாவது இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஆயுத பூசைக்கு அவரை வீட்டுக்கு அழைத்தேன். வடை பாயசத்தில் மனசு இளகி, தன்னுடையதை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்பது என் கணக்கு. அவருக்கும் அதே கணக்குத்தான் இருந்திருக்கும். வேலை முடிந்து ஸ்டேஷனிலேயே காத்திருந்து அவரைக் கூட்டி வந்தேன்.

பாக்கியம் அந்தப் பிஸ்கட் டின்னைத் தொடுகிறவள் இல்லை. ஆனால் விருந்தாளி பார்க்க வருவதே அதைத்தானே என்று அன்றைக்கு அக்கறை வந்துவிட்டது. குத்துவிளக்கு, அரிவாள்மணை, என் ரயில்வே லாந்தர், இவற்றோடு நம்பர் 2-ஐயும் புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்து விளக்கி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். நூறு வருஷத்துக் கறுப்பு போச்சு. தங்கப் பூக்கள் போச்சு. வெள்ளிக் கொடி புது டம்ளர் மாதிரி கண்ணைக் கூசியது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அழுக்கோடயா சாமிகிட்ட வப்பாங்க?" என்றாள் அவள்.

செட்டியார் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பின் மகிமையை இத்தனை ஞாயிறு கேட்ட மனுஷர், என்னோடு சேர்ந்து அழுவார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்த பட்டுத்துணியைப் பிரித்துத் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தார். ஒன்று நிலா, ஒன்று அடுப்புக்கரி. கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பாக்கியத்தின் பக்கம் திரும்பினார்: "தங்கச்சி, புளி மிச்சம் இருக்கா?"

விடைபெற்றபோது

நான் தடுத்தேன். இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை. அவர் தண்ணீர் ஊற்ற அவள் தேய்த்தாள். பூசை முடிந்தது. செட்டியார் திருப்தியாகச் சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், செருப்பை மாட்டினார். துப்பாக்கியை மட்டும் எடுக்கவில்லை. நான் அதைக் கையால் காட்டினேன். "இருக்கட்டும்," என்றார். "கப்பல்ல உப்புக்காத்து பட்டா திரும்பக் கறுத்துப் போகும். தங்கச்சி கையில இருந்தாத்தான் பளபளன்னு இருக்கும்."

ஆகவே சகோதரர்களே, தேடிய ஜோடி என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது; பார்க்கிறவர்கள் எல்லாம், இதை எந்தக் கடையில் புதிதாக வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள்.